உலகத்தரம் வாய்ந்த இருட்டு

ஒரு தெருவுக்கு விளக்கு வேண்டுமென்றால், அந்தத் தெருவில் இருட்டு இருக்கிறது என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். இது விதி. எங்கள் சந்தில் இருட்டுக்குக் குறைவே கிடையாது. நிரூபிப்பதுதான் சிக்கலாக இருந்தது. அரசு அலுவலகம் பகலில் மட்டும் இயங்கக்கூடியது. ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் வெயில் ஏறிய பிறகு வந்து, இளநீர் குடித்து, அண்ணாந்து வானத்தைப் பார்த்து, 'போதிய வெளிச்சம் காணப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்புகிற சந்து அது. வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பெனிகள். அதில் ஒன்று என்னுடையது. கார் ஹெட்லைட்டுக்குப் போகும் வயர்களைச் சேர்த்து, டேப் சுற்றி, கனெக்டர் மாட்டிக் கொடுக்கிறோம். ஒரகடத்திலிருந்து புறப்படும் எத்தனையோ கார்களுக்கு ராத்திரியில் கண் தெரிவது எங்கள் பெண்களின் கைவேலையால்தான். அந்தப் பெண்கள் வேலை முடிந்ததும் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் நிறுத்தி வைத்த லாரி, இன்னொரு பக்கம் நாய், நடுவில் பள்ளம் என்று தடவித் தடவி பஸ்ஸுக்குப் போவார்கள்.

தங்கமாரி விழுந்தது இப்படிப் போகும்போதுதான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். மூடியில்லாத கால்வாயில் கால் போய், மாவுக்கட்டோடு வந்து நின்றாள்.

"நீங்க கவலைப்படாதிய சார். வாறுகால் எங்க கெடக்குன்னு எனக்கு இப்பம் நல்லாத் தெரிஞ்சு போச்சு. இனி விழ மாட்டேன். மத்தவங்கதான் ஒவ்வொருத்தரா விழுந்து கண்டுபிடிக்கணும்" என்றாள்.

பக்கத்தில் மெர்சி நின்றிருந்தாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி. என் லைனை ஓட்டுகிறவள் அவள்தான். நான் முதலாளி, அவ்வளவுதான்.

"சார், ஒண்ணு சொல்லிட்றேன். திங்கக்கெழமலேர்ந்து இருட்டினப்புறம் யாரும் நிக்க மாட்டோம். ஓ.டி.யும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"இன்னா மெர்சி, ஆர்டர் தலைக்கு மேல கீது. இப்பப் போயி..."

"எங்களுக்குக் காலு கீழதான் சார் கீது."

பன்னிரண்டு வயதில் பழைய இரும்பு பொறுக்கி, எடைக்கல்லோடு சண்டை போட்டே வளர்ந்தவன் நான். யாரிடமும் பேரம் பேசுவேன். மெர்சியிடம் மட்டும் பேசுவதில்லை. அவள் விலையைக் குறைக்கவே மாட்டாள். அதனால் நேரே ஸ்ரீபெரும்புதூருக்கு, தெருவிளக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரி சண்முகசுந்தரத்தின் அலுவலகத்துக்குப் போனேன்.

நடுப்பகல். ஜன்னல் திரைகள் மூடியிருக்க, அறை முழுக்க டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு தொடர்பான தங்களது கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"சார், அது மூணு வருசமா பரிசீலனையில கீது. ஒரு பொண்ணு கால ஒடிச்சிக்கினு உக்காந்திருக்கா."

"வருந்துகிறேன். ஆனால் விளக்குக்கு நிதி இல்லை, முனிரத்தினம்." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "பெருமிதத்துக்கு இருக்கிறது."

"எதுக்கு சார்?"

"தேசப் பெருமித இருவாரம். மேலிடத்து உத்தரவு. தொழிற்பேட்டை வீதிகளுக்கிடையே பட்டிமன்றம். தலைப்பு, 'உலகிலேயே தலைசிறந்தது நம் நாடே.' வெல்கிற வீதி 'பெருமித ஒளிவீதி' என்று அறிவிக்கப்பட்டு, முழுக்க விளக்கு போடப்படும்."

"பட்டிமன்றம்னா எதிரணி வேணுமே சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் எதிர்த்துப் பேசப்போகிறார்கள் என்று எழுத்துமூலம் கொடுங்கள்."

"இல்ல சார், சும்மா கேட்டேன். அப்ப ரெண்டு அணியும்?"

"ஓர் அணி, தலைசிறந்தது என்று பேசும். மற்ற அணி, மிகவும் தலைசிறந்தது என்று பேசும்."

"நடுவரு?"

"நான்தான். நடுநிலையோடு, இரண்டும் சரி என்று சொல்வேன்."

"ரெண்டும் சரின்னா ஜெயிக்கிறது யாரு சார்?"

அதற்குத்தான் அவர் ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பீஸ் கெட்டுப்போனால் எல்லாரையும் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, 'ஏன் கெட்டது?' என்று கேட்பார்கள். பதில் சொன்னால், அந்தப் பதிலுக்கு ஒரு ஏன். அதற்கும் ஒரு ஏன். இப்படி ஐந்து ஏன் கேட்டால் மூல காரணம் கையில் சிக்கிவிடும் என்பது நம்பிக்கை. நான் பார்த்தவரையில் ஐந்தாவது ஏன், இருப்பதிலேயே சம்பளம் குறைந்தவன் முன்னால்தான் போய் நிற்கும். அது வேறு கதை. சண்முகசுந்தரம் இந்த முறையில் மூன்று நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். இதுவரை கெட்டதற்கு மட்டுமே பயன்பட்டு வந்த ஐந்து ஏன்களை, நாட்டிலேயே முதன்முறையாக நல்லதற்குப் பயன்படுத்தப்போவதாகச் சொன்னார்.

"எவருடைய மூல காரணம் ஆழமானதோ, அவருக்கே முதல் பரிசு."

"மூணாவது பரிசுக்கு ஒரு கம்பமாவது நடுவீங்களா சார்?"

"பெருமிதத்தில் பேரம் இல்லை, முனிரத்தினம்."

மூன்று இரவு உட்கார்ந்து நான் ஒரு பேச்சு தயார் செய்தேன். அதில் கோபுரம் இருந்தது, ராக்கெட் இருந்தது, வெள்ளைக்காரனுக்கு நாம் வேட்டி கொடுத்தது இருந்தது. மெர்சி படித்துப் பார்த்து, நாலாய் மடித்து, டீ கிளாஸுக்கு அடியில் வைத்தாள்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க படம் போட்டே காட்டுவாங்க சார். நம்மகிட்ட இன்னா கீதோ அத்தச் சொல்லுவோம்."

"நம்மகிட்ட இன்னா கீது?"

"பாக்கலாம் சார்."

பட்டிமன்றம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கம்பெனி பஸ்களில் ஆட்களை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பெருமிதம் கொள்வதற்கு அரை நாள் லீவும் ஒரு பொங்கல் பொட்டலமும் கொடுத்திருந்ததால், கூட்டம் ஏற்கெனவே நல்ல பெருமிதத்தில் இருந்தது.

முதலில் ஒரு பெரிய கம்பெனியின் அணி. ஹெச்.ஆர். மேனேஜர் ஹேமந்த், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மைக்குமாக வந்தான். பின்னால் திரையில் தாமரை, யானை, ராக்கெட். அவனே கேள்வி கேட்டு அவனே பதில் சொன்னான்.

"ஏன் நம் நாடு தலைசிறந்தது? நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏன் தெரிந்திருந்தது? வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஏன் வேறு யாருக்கும் தெரியவில்லை? நாம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நமக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது."

கைதட்டல் மண்டபத்தின் தகரக் கூரை வரை போய்த் திரும்பியது. எனக்கே ஒரு நிமிஷம் புல்லரித்தது. அப்புறம்தான், ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறானே என்று தோன்றியது. நடுவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்.

"விடை வட்டமாக முடிந்திருக்கிறது" என்றார். "வட்டம் என்பது பூஜ்யம். பூஜ்யம் நம்முடையது." மறுபடியும் கைதட்டல்.

முன்வரிசையில் அந்தக் கம்பெனியின் வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே வந்தார். முடிந்ததும் எழுந்து ஹேமந்துக்குக் கைகொடுத்து ஏதோ சொன்னார். தங்கள் நாட்டிலும் வருஷா வருஷம் இதே கூட்டம் நடக்கும், பதிலும் அச்சாக இதேதான் என்றாராம். மொழிபெயர்த்தவர் மைக்கை வாங்கி, "வியந்து பாராட்டுகிறார்" என்று முடித்துக்கொண்டார்.

அடுத்து எங்கள் அணி. மெர்சி மேடையேறினாள். 'ஏன்' கேட்பதற்காக, கட்டுப்போட்ட காலைத் தாங்கிக்கொண்டு தங்கமாரி. இரண்டு பேர் கையிலும் காகிதம் இல்லை.

மெர்சி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். "ஒலகத்துலயே ஒசத்தி நம்ம நாடுதான்."

"ஏன்க்கா?" என்றாள் தங்கமாரி.

"நம்ம ஜனங்க மாதிரி எத்தையும் தாங்குற ஜனங்க வேற எங்கயும் கெடையாது."

பலத்த கைதட்டல். பொங்கலைத் தாங்கியவர்களின் கைதட்டல்.

"ஏன் தாங்குதாங்க?"

"பழகிப்போச்சி."

"ஏன் பழகுச்சு?"

"தெனம் இருட்டுல நடக்குறோம்ல. லாரி எங்க நிக்கிது, நாய் எங்க படுத்துக்கினு கீதுன்னு காலுக்கே தெரியும். நடந்து நடந்து பழகிட்டோம்."

"ஏன் இருட்டு?"

"லைட்டு இல்ல."

கூட்டத்தில் எங்கள் சந்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஏன்க்கா லைட்டு இல்ல?"

"நடுவர் ஐயா கையெழுத்து போடல."

போச்சு என்று நினைத்தேன். விளக்கு போச்சு, ஆர்டர் போச்சு, அநேகமாகக் கம்பெனி லைசென்ஸும் போச்சு.

சண்முகசுந்தரம் மெல்ல எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"என் பணிக்காலத்தில்," என்றார், "பல கையொப்பங்கள் இட்டிருக்கிறேன். அவற்றால் நாட்டுக்கு என்ன பயன் விளைந்தது என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. இன்று இந்தச் சகோதரி சொன்னாள். நான் இடாத ஒரு கையொப்பத்தால் ஒரு வீதி இருண்டது. அந்த இருளால் மக்கள் பழகினர். பழகியதால் பொறுத்தனர். பொறுத்ததால் இத்தேசம் உயர்ந்தது. ஆக, தேசத்தின் உயர்வுக்கு மூல காரணம்..." இதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. முதல் பரிசு எங்களுக்கு.

மறுநாள் மெர்சியையும் கூட்டிக்கொண்டு, இனிப்புப் பெட்டியோடு அவர் அலுவலகத்துக்குப் போனேன். "எப்ப சார் கம்பம் நடுறீங்க?"

"எதற்குக் கம்பம்?"

"லைட்டுக்கு சார். முதல் பரிசு."

"முனிரத்தினம், நீங்கள் தொழில் செய்கிறவர். யோசித்துப் பாருங்கள். விளக்குப் போட்டால் மூல காரணம் நீங்கிவிடும். மூல காரணம் நீங்கினால் விளைவும் நீங்கிவிடும். மக்கள் பொறுமையை இழப்பார்கள். தேசத்தின் உயர்வைக் குறைத்த அதிகாரி என்ற பெயர் எனக்கு வேண்டுமா?"

"அப்ப பரிசு?"

"உண்டு. உங்கள் வீதிமுனையில் கருங்கல்லில் ஒரு கல்வெட்டு. 'தேசத்தின் பொறுமை பிறந்த வீதி. இவ்வீதியில் விளக்கு இல்லை.' வாசகம் நானே எழுதியது. கீழே என் பெயரும் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன பேசினேன் என்று இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. மேஜையைத் தட்டியதில் இனிப்புப் பெட்டி திறந்து, மைசூர்பா ஒன்று கோப்புகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. நான் மூச்சு வாங்க நின்றபோது, மெர்சி அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"சார், அந்தக் கல்ல உங்க மேலதிகாரி வந்து பாப்பாருங்களா?"

"திறப்பு விழாவுக்கே வருவார்."

"பகல்லயா?"

"ஏன் கேட்கிறாய்?"

"இருட்டுக்குப் பேர் போன எடம். பகல்ல வந்தா இருட்டு எங்கன்னு கேக்க மாட்டாருங்களா? சாயங்காலம் தான வரணும்? அந்த இருட்டுல உங்க பேரு அவுரு கண்ணுக்குத் தெரியணுமே."

அதிகாரியின் முகத்தில் ஏதோ ஒன்று நகர்வதைப் பார்த்தேன். எனக்குப் பேர வாசனை அடித்துவிட்டது. எதிராளி தராசைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் நம் வேலை.

"கல்வெட்டுக்கு மட்டும் ஒளியூட்டலாம்" என்றார் அவர். "வீதிக்கு அல்ல. கல்வெட்டுக்கு."

"கரெக்ட்டு சார். கல்வெட்டுக்கு மட்டுந்தான்" என்றேன். "ஆனா ஒரு கல்லு பத்தாது. அஞ்சு ஏன் இருக்கே. ஒவ்வொண்ணும் சரித்திரம். எல்லாத்தையும் ஒரே கல்லுல நெருக்கி எழுதினா உங்க பேருக்கு எங்க எடம்? பன்னெண்டு கல்லு வைங்க."

"பன்னிரண்டா? ஏன்கள் ஐந்துதானே?"

"முன்னுரைக்கு ஒண்ணு, முடிவுரைக்கு ஒண்ணு, உங்க வாழ்க்கைக் குறிப்புக்கு ரெண்டு..."

"வாழ்க்கைக் குறிப்பு ஒன்று போதும்" என்றார் அடக்கமாக.

ஏழில் வந்து நின்றது. ஐந்து ஏன், ஒரு முன்னுரை, ஒரு வாழ்க்கைக் குறிப்பு. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, மெயின் ரோட்டிலிருந்து சந்தின் கடைசி வரை. நாலாவது கல்லைத் தங்கமாரி விழுந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். தேசத்துக்காக எலும்பு உடைந்த இடம் என்றேன். குறித்துக்கொண்டார். மேலதிகாரியும் விழுந்துவிடாமல் இருக்க, கால்வாய்க்குச் சிமெண்ட் பலகை போட்டு மூடவும் உத்தரவானது.

ஒளி கல்வெட்டின் மீது மட்டும் விழ வேண்டும், வீதியில் சிந்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எலக்ட்ரீசியன் அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு விளக்குக்கும் தகரத்தில் ஒரு குல்லாய் செய்து மாட்டினான். முதல் மழைக்காற்றில் குல்லாய்கள் திரும்பிக்கொண்டன. வெளிச்சம் சுற்றறிக்கையைப் படித்திருக்கவில்லை. கல்லிலும் விழுந்தது, பள்ளத்திலும் விழுந்தது, லாரிக்கு அடியில் படுத்திருந்த நாயின் மேலும் விழுந்தது.

இப்போது எங்கள் பெண்கள் டார்ச் இல்லாமல் பஸ்ஸுக்குப் போகிறார்கள். போகும் வழியெல்லாம், பளிச்சென்ற வெளிச்சத்தில், கல்லுக்குக் கல் பொறித்திருக்கும் 'இவ்வீதியில் விளக்கு இல்லை' என்பதைப் படித்துக்கொண்டே போகிறார்கள். கட்டுப் பிரித்த தங்கமாரி தினம் நாலாவது கல்லைத் தட்டிவிட்டுப் போகிறாள். "இது என் எலும்பு வச்ச கல்லுட்டீ" என்கிறாள் மற்றவர்களிடம்.

சந்துக்குப் பெயர் வந்துவிட்டது. கல்லூரி மாணவர்களைப் பஸ்ஸில் கூட்டிவந்து காட்டுகிறார்கள். கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாராவது சொல்ல வேண்டுமே என்று நான்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன். இந்த மாதிரி ஓர் இருட்டு உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது என்று சொல்வேன். லண்டனில் பனி இருட்டு, ஆப்பிரிக்காவில் காட்டு இருட்டு. எங்களுடையது மட்டும்தான் அப்பழுக்கில்லாத சுத்த இருட்டு. சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு நிமிரும்.

அப்படி ஒரு கூட்டத்தை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் எழிலரசி வந்தார். பென்னலூரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி வைத்திருக்கிறவர். கையில் ஒரு மனு.

"அண்ணே, எங்க தெருவும் கும்மிருட்டுதான். நேத்து ஒரு பொண்ணு சைக்கிளோட கவுந்துட்டா. ஆபீசர் சொல்றாரு, ஏற்கெனவே பேர் வாங்கின தெருக்காரங்க யாராச்சும் 'இதுவும் எங்க இருட்டு மாதிரிதான்'னு கையெழுத்து போட்டா நாலு கல்லு தரேன்றாரு. ஒரு கையெழுத்து போடுங்கண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க இருட்டு மாதிரியா? இன்னா மேடம் பேசறீங்க?"

"இருட்டு இருட்டுதானேண்ணே."

"அதெப்படி? உங்க தெருவுல பெட்ரோல் பங்க் வெளிச்சம் அடிக்கிது."

"அது ரோட்டுக்கு அந்தாண்டண்ணே. எங்க பக்கம் சுவருதான்."

"சுவத்துல பட்டுத் திரும்பும்ல? கலப்பட இருட்டு மேடம் அது. எங்க இருட்டோட அத்த ஒண்ணா வைக்க முடியாது. நாங்க தாங்கினது வேற. தேசமே எங்க இருட்டாலதான் நிமிந்து நிக்கிது. கல்லுலயே எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க."

எழிலரசி மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அவருடைய ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் வரும் நேரம் என்றார். இருட்டுகிறதாம்.

வாசலில் மெர்சி நின்றிருந்தாள். பின்னால் தங்கமாரி. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

"பென்னலூர்ல ஒரு பொண்ணு விழுந்துட்டாளாம் சார்" என்றாள் மெர்சி.

"கேட்டேன்."

"ஏன்க்கா விழுந்தா?" என்றாள் தங்கமாரி, மேடையில் கேட்ட அதே குரலில்.

"இருட்டு."

"ஏன் இருட்டு?"

"லைட்டு இல்ல."

"ஏன் லைட்டு இல்ல?"

"மனு போவல."

"ஏன் போவல?"

மெர்சி என் மேஜையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாலு ஏன்தான் ஆகியிருந்தது. ஐந்தாவதற்கு அவர்கள் காத்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்வெட்டு விளக்கில் அவர்கள் சிரிப்பது மெயின் ரோட்டுக் கல் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் ஒன்றும் முடியாது என்று சொல்லவில்லையே. பென்னலூர்க்காரர்களும் நம் நாட்டு ஜனங்கள்தான், எதையும் தாங்கக்கூடியவர்கள். அவசரப்பட்டு ஒரு கையெழுத்தைப் போட்டு, அவர்கள் பொறுமையை நான் கெடுத்துவிடக் கூடாதல்லவா. எழிலரசியின் மனு மேஜைமேல் பத்திரமாக இருக்கிறது.

பரிசீலனையில் உள்ளது.